டர்பன் கன்ட்ரி கிளப்பில் பந்து சொன்ன பேச்சைக் கேட்காதபோது

டர்பன் கன்ட்ரி கிளப்பில் முதல்முறை கோல்ஃப் ஆடிவிட்டு வருகிறவர்களிடம் அநேகமாக ஒரே புகார்தான் இருக்கும். "போன வாரம்கூட நல்லா ஆடினேன், இன்னைக்கு எனக்கு என்ன ஆச்சுன்னே தெரியல." அவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை, மைதானம்தான் வேறு. 1922-இல் திறந்த இந்த மைதானம் இந்தியப் பெருங்கடலை ஒட்டிய மணல்மேடுகளின் மேல் போடப்பட்டது. மேடுகளை வெட்டிச் சமன் செய்யாமல் அப்படியே விட்டிருக்கிறார்கள். ஊரில் ஏற்கெனவே ராயல் டர்பன் மைதானம் இருந்தது, ஆனால் அது தாழ்வான தரையில் இருந்ததால் மழைக்குத் தண்ணீர் தேங்கியது. அதனால்தான் மேட்டு நிலம் தேடி இங்கே வந்தார்கள். தென்னாப்பிரிக்க ஓபன் வேறெந்த மைதானத்தையும்விட இங்கேதான் அதிகமுறை நடந்திருக்கிறது.

கீழே உள்ளவற்றை முதல் குழியிலிருந்து வரிசையாகப் படிக்கத் தேவையில்லை. உங்கள் பந்து என்ன சேட்டை செய்கிறதோ அந்தப் பகுதிக்குப் போங்கள். ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள்: இங்கே பிழை கண்ணில் படுகிற இடம் ஒன்று, அது பிறந்த இடம் வேறு. பெரும்பாலும் முந்தைய அடியில், அதைவிட அடிக்கடி மட்டையைப் பையிலிருந்து உருவிய அந்த நொடியில்தான் அது பிறந்திருக்கும். ஸ்விங்கை, அதாவது மட்டை வீச்சை, கழற்றிப் பழுது பார்க்கப் போவதற்கு முன்னால் அங்கே தேடுங்கள். வலக்கைக்காரரை மனதில் வைத்து எழுதியிருக்கிறேன், இடக்கைக்காரர்கள் திசைகளை மாற்றிக்கொள்ளவும்.

எல்லா அடியும் கிரீனுக்கு முன்னாலேயே விழுகிறது

கிரீன் என்பது குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்தரை. முதல் கேள்வி: எந்த ஊரிலிருந்து வருகிறீர்கள்? ஜோஹன்னஸ்பர்க், பிரிட்டோரியா பக்கமிருந்து விடுமுறைக்கு வருகிறவர்களுக்கு இது கட்டாயம் நடக்கும். ஜோஹன்னஸ்பர்க் கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,700 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்று மெலிந்தது, பந்துக்குத் தடை குறைவு. அதே அடி இங்கே சுமார் பத்து சதவீதம் குறைவாகத்தான் போகும். அங்கே 150 மீட்டர் அடிக்கிற மட்டை இங்கே 135-ஐத் தாண்டினால் அதிகம். அதாவது ஒன்றிலிருந்து ஒன்றரை மட்டை வித்தியாசம். மாமா, அத்தை வீட்டுக் கல்யாணத்துக்கு வந்துவிட்டு மறுநாள் காலை ஆடப் போகிறவர்கள் இதை மறந்துவிட்டு, தூக்கம் போதவில்லை என்று கல்யாண வீட்டின் மேல் பழி போடுவார்கள்.

நீங்கள் டர்பன்காரர்தான் என்றால் காற்றைப் பாருங்கள். இங்கே இரண்டு காற்றுதான் ராஜா: வடகிழக்கும் தென்மேற்கும். இரண்டுமே ஏறத்தாழக் கரையோடு ஒட்டியே வீசும். கரையை ஒட்டிப் போகும் குழிகளில் அதனால் காற்று பெரும்பாலும் முகத்தில் அடிக்கும், இல்லையென்றால் முதுகைத் தள்ளும். வடகிழக்கு வீசிக்கொண்டிருக்கும் வெக்கையான மதியத்தில் திடீரென்று காற்று அடங்கி, தென்பக்கம் மேகம் கறுத்தால் தயாராகிக்கொள்ளுங்கள். சில நிமிடங்களில் தென்மேற்கு புகுந்துவிடும், வெப்பமும் சட்டென்று இறங்கும். போன குழியில் 9 அயன் (அயன் என்பது இரும்பு மட்டை, எண் குறையக் குறையத் தூரம் கூடும்) போதுமாக இருந்த தூரத்துக்கு இந்தக் குழியில் 6 அயன் வேண்டியிருக்கும். பையில் இருக்கும் தூர அட்டவணை அன்றைக்கு அவ்வளவுதான்.

எதிர்காற்றில் பந்து மேலே ஏறி, அந்தரத்தில் நின்று, செங்குத்தாக விழுகிறதா? நீங்கள் பலமாக அடிக்கிறீர்கள். பலமாக அடித்தால் பந்தின் பின்சுழற்சி கூடும். சுழற்சி கூடினால் எதிர்காற்று பந்தை இன்னும் மேலே தூக்கும். வேகத்தைக் கூட்டக் கூட்டத் தூரம் குறைகிற அநியாயம் இதுதான். செய்ய வேண்டியது தலைகீழ்: இரண்டு மட்டை பெரிதாக எடுத்து, பந்தை நின்ற இடத்தில் ஒரு பந்தளவு பின்னால் வைத்து, பிடியைக் கொஞ்சம் கீழே இறக்கி, முக்கால் ஸ்விங்கில் நிதானமாக அடியுங்கள். டீயில் (குழியின் முதல் அடி தொடங்கும் மேடையில்) என்றால் பந்தைத் தாங்கும் டீ முளையைச் சற்றுத் தாழ்த்துங்கள். இன்னொன்று: எதிர்காற்று பறித்துக்கொள்ளும் தூரத்தைப் பின்காற்று முழுதாகத் திருப்பித் தராது. போகும்போது இரண்டு மட்டை கூட்டினேன், வரும்போது இரண்டு மட்டை குறைக்கிறேன் என்று கணக்குப் போட்டால் வரும்போதும் பந்து குறைவாகத்தான் விழும்.

மூன்றாவது குழியில் டிரைவர் (நெடுந்தூர மட்டை) பந்து காட்டுக்குள் போய்விடுகிறது

முதல் ஐந்து குழிகள்தான் இந்த மைதானத்தின் கடுமையான பகுதி, அதிலும் மூன்றாவது பேர்போனது. பார் 5, அதாவது ஐந்து அடியில் முடிக்க வேண்டிய குழி, நீளம் ஏறக்குறைய 470 மீட்டர். இந்தக் காலத்தில் அது ஒரு நீளமே இல்லை. டீ உயரத்தில் இருக்கும். அங்கே நின்று பார்த்தால் கீழே ஒடுங்கிய பள்ளத்தாக்காக பேர்வே (வெட்டிய புல்பாதை) ஓடும், பக்கங்களில் மணல்மேடும் புதரும். அந்த உயரம்தான் ஆளை மயக்குகிறது. "இவ்வளவு தாழ்வா இருக்கே, ஒரு சாத்து சாத்தினா ரெண்டாவது அடியில கிரீன்" என்று தோன்றும். தோன்றியவுடன் தோள் இறுகும், பந்து வளையும், புதர் விழுங்கும்.

உயரத்திலிருந்து அடிக்கும் பந்து அதிக நேரம் காற்றில் இருக்கும். அதனால் சமதரையில் பத்து மீட்டர் வளையும் பந்து இங்கே அதைவிடக் கூடுதலாக வளையும். உங்கள் ஸ்லைஸ் (வலப்பக்கம் வளையும் அடி) இன்று புதிதாக வந்ததில்லை, இங்கே அதற்கு இடம் நீண்டிருக்கிறது, அவ்வளவுதான். ஆகவே டீயிலேயே ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள்: மூன்று அடியில் கிரீனுக்குப் போக எனக்கு என்ன வேண்டும்? 180 மீட்டர், அப்புறம் 170, மீதி 120. நீள அயனோ ஹைபிரிடோ (அயனும் மரமட்டையும் கலந்த மட்டை) போதும். டிரைவர் எடுத்தே தீருவேன் என்றால், காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறதோ அந்தப் பக்கத்து பேர்வே ஓரத்தைக் குறிவையுங்கள், உள்ளே தள்ளும் வேலையைக் காற்று செய்யட்டும்.

பந்து புதருக்குள் போனது போலிருந்தால் அங்கேயே, எல்லோருக்கும் கேட்கும்படி "புரொவிஷனல் அடிக்கிறேன்" என்று சொல்லிவிட்டு, முதல் பந்து கிடைக்காவிட்டால் ஆட இன்னொன்று அடியுங்கள். "இன்னொண்ணு அடிச்சுப் பாக்கறேன்" என்று முனகினால் செல்லாது, முதல் பந்து தொலைந்த கணக்காகிவிடும். இரண்டாவது பந்து உங்கள் மூன்றாவது அடி. தேடுவதற்கு 2019 முதல் மூன்று நிமிடம்தான், முன்பு ஐந்து இருந்தது. அந்த மூன்று நிமிடத்தையும் புதருக்குள் கையை விட்டுத் துழாவிச் செலவழிக்க வேண்டாம். நட்டால் கடலோரப் புதர்களில் பச்சை மாம்பா பாம்பு வாழ்கிறது. கூச்ச சுபாவம் உள்ளது, பெரும்பாலும் மரத்தில்தான் இருக்கும் என்பார்கள். இருந்தாலும் மட்டையின் நுனியால் விலக்கிப் பாருங்கள். பந்து கிடைத்து, பக்கத்தில் பாம்பும் இருந்தால் விதி உங்கள் பக்கம்: ஆபத்தான விலங்கு அருகில் இருந்தால் தண்டனை இல்லாமல் பந்தை எடுத்துப் பாதுகாப்பான இடத்தில் போடலாம்.

பந்து கிடைத்துவிட்டது, பாம்பும் இல்லை, ஆனால் அடிக்க வழியில்லை என்றால் வீரம் வேண்டாம். "அன்பிளேயபிள்" என்று ஒரு தண்டனை அடி ஏற்றுக்கொண்டு, இரண்டு மட்டை நீளத்துக்குள் குழிக்குப் பக்கமாகாமல் போடலாம், கொடிக்கும் பந்துக்கும் நேர்கோட்டில் பின்னால் போகலாம், அல்லது அடித்த இடத்துக்கே திரும்பலாம். முழங்கால் உயரத்திலிருந்துதான் பந்தைக் கீழே விட வேண்டும். புதருக்குள் இரண்டு மட்டை நீளம் என்றால் பாதி நேரம் இன்னொரு புதர்தான் கிடைக்கும், அதனால் மட்டையால் அளந்து பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

குரங்கு தூக்கிக்கொண்டு போனால்? டர்பனில் இதைக் கேட்காமல் இருக்க முடியாது. நின்றுவிட்ட பந்தைக் குரங்கு எடுத்தது என்று உறுதியாகத் தெரிந்தால் தண்டனை கிடையாது. பழைய இடத்திலேயே வேறு பந்து வைத்து ஆடலாம். "குரங்குதான் எடுத்திருக்கும்" என்ற சந்தேகம் போதாது, யாராவது பார்த்திருக்க வேண்டும், அல்லது வேறு எதுவும் நடந்திருக்க வாய்ப்பே இல்லை என்ற நிலை வேண்டும். கைப்பையில் வாழைப்பழம் வைத்திருந்தால் பந்தைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம், அவை முதலில் பையைத்தான் தேடி வரும்.

பேர்வே நடுவில் கிடந்த பந்து, ஆனாலும் கோணலாகப் போகிறது

காலுக்குக் கீழே பாருங்கள். மணல்மேட்டு மைதானத்தில் சமமான நிலையில் அடிக்கக் கிடைப்பது அபூர்வம். பந்து காலைவிட உயரத்தில் இருந்தால் இடப்பக்கம் போகும். பிடியை இறக்கி, வலப்பக்கம் குறிவையுங்கள். பந்து காலைவிடத் தாழ்வில் இருந்தால் வலப்பக்கம் போகும். முழங்காலைக் கூடுதலாக மடக்கி, அடி முடியும்வரை அந்த மடிப்பை விடாமல், இடப்பக்கம் குறிவையுங்கள். ஏற்றத்தில் பந்து உயரமாகவும் குட்டையாகவும் போகும், ஒரு மட்டை கூட்டுங்கள். இறக்கத்தில் தாழ்வாகப் பறந்து நெடுக உருளும், ஒரு மட்டை குறையுங்கள். ஏற்றமோ இறக்கமோ, தோள்கள் தரையின் சரிவுக்கு இணையாக இருக்கட்டும். சரிவை எதிர்த்து நேராக நிமிர்ந்து நின்றால் ஏற்றத்தில் மட்டை மண்ணைக் குத்தும், இறக்கத்தில் பந்தின் தலையில் படும்.

இரண்டு சரிவும் ஒன்றாக வந்தால் முழு அடியையே மறந்துவிடுங்கள். முக்கால் ஸ்விங், கிரீனின் நடு, அவ்வளவு போதும்.

சிப் (கிரீனுக்கு அருகே அடிக்கும் சிறு அடி) அடித்தால் மட்டை புல்லில் சிக்குகிறது, பந்து நகரவே மாட்டேன் என்கிறது

கிக்குயு புல். கிழக்கு ஆப்பிரிக்காவிலிருந்து வந்து தென்னாப்பிரிக்கா முழுக்கப் பரவிய இந்தப் புல்லுக்குத் தண்டும் தடிமன், பிடிவாதமும் அதிகம். பேர்வேயில் வெட்டிவிட்ட இடத்தில் பந்து டீ போட்டது போலத் தூக்கலாக நிற்கும். ரஃபில் (பேர்வேக்கு வெளியே உயரமாக விட்ட புல்லில்) விழுந்தால் அடிவரை இறங்கிவிடும், மேலே பார்த்தால் பந்து இருப்பதே தெரியாது.

ரஃபிலிருந்து வெளியே வர அதிகச் சாய்வுள்ள மட்டை, இடக்கையின் கடைசி மூன்று விரலில் இறுக்கம், மேலிருந்து செங்குத்தாக இறங்கும் அடி. தாழ்வாக இழுத்து அடித்தால் மட்டையின் கழுத்தைப் புல் சுற்றிக்கொண்டு முகத்தை இடப்பக்கம் திருப்பிவிடும். பந்து நேராகப் போகாததற்கு உங்கள் மணிக்கட்டைக் குறை சொல்லாதீர்கள்.

கிரீன் ஓரத்தில் வேறு சிக்கல். ஸ்காட்லாந்துக் கடலோர மைதானங்களைத் தொலைக்காட்சியில் பார்த்துவிட்டு, பந்தைத் தரையோடு உருட்டி ஏற்றலாம் என்று நினைப்போம். கிக்குயுவில் முதல் குதியிலேயே பந்து பிரேக் போட்டு நின்றுவிடும். பந்தின் முதல் குதி கிரீன் மேல் விழும்படி தூக்கிப் போடுங்கள். மழை பெய்த மறுநாளில் இதில் விதிவிலக்கே கிடையாது.

பன்னிரண்டாவது குழியில் கிரீனின் இரு பக்கமும் மாறி மாறி ஓடிக்கொண்டிருக்கிறேன்

உங்களுக்கு நல்ல துணை இருக்கிறது. இந்தக் குழிக்குப் பெயரே பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ். 1920-களில் இங்கே வந்த இளவரசர், பின்னாளில் எட்டாம் எட்வர்டாக ஆனவர், இந்த பார் 3-இல் 17 அடி அடித்தார் என்று சொல்வார்கள். நீளம் 140 மீட்டர் சொச்சம்தான். கிரீன் மேட்டின் உச்சியில் உட்கார்ந்திருக்கிறது, இரு பக்கமும் சரிவு. ஒரு பக்கம் விழுந்த பந்தை மேலே தூக்கினால் கிரீனைத் தாண்டி மறுபக்கம் இறங்கும். அங்கிருந்து தூக்கினால் பழையபடி இந்தப் பக்கம்.

இதில் சிப் அடியைப் பழுது பார்த்துப் பயனில்லை. பிழை டீயில் நடந்தது: கொடியைக் குறிவைத்தீர்கள். கொடி ஓரத்தில் இருந்தால் அதைக் கண்ணால்கூடப் பார்க்க வேண்டாம். கிரீனின் நடுவைக் குறிவைத்து, நடுவிலிருந்து இரண்டு புட்டில் (கிரீனில் பந்தை உருட்டும் அடியில்) மூன்று எழுதிக்கொண்டு நடையைக் கட்டுங்கள்.

ஏற்கெனவே கீழே விழுந்துவிட்டது என்றால் கணக்கு மாறும். இப்போது மூன்று கிடையாது, நான்குதான் இலக்கு. கொடி உங்கள் பக்கம் ஒட்டி இருந்தால் அதன் பக்கத்தில் நிறுத்தும் ஆசையை விட்டுவிட்டு, அதைத் தாண்டிப் பத்து மீட்டர் போனாலும் பரவாயில்லை, கிரீன் மேல் எங்காவது நிற்கட்டும் என்று அடியுங்கள். ரொம்ப மென்மையாக அடித்தால் பந்து உங்கள் காலடிக்கே திரும்பி உருண்டு வரும், அது மறுபக்கம் போவதைவிட மோசம். சரிவில் புல் ஒட்ட வெட்டியிருந்தால் புட்டரை எடுங்கள். பார்க்க அழகாக இருக்காது. இளவரசருக்கு யாராவது அதைச் சொல்லியிருந்தால் இந்தக் குழிக்கு வேறு பெயர் வந்திருக்கும்.

பங்கரில் (மணல் பள்ளத்தில்) பந்து அப்படியே இருக்கிறது

பயந்து அடியை நடுவில் நிறுத்துகிறீர்கள். முகத்தைத் திறந்து, பந்துக்கு ஐந்து செண்டிமீட்டர் பின்னால் மணலில் இறக்கி, மட்டை தோளுக்கு மேல் போகும்வரை விடாதீர்கள். பந்து மணலில் புதைந்திருந்தால் மட்டும் முகத்தைத் திறக்காமல் நேராக வைத்து அடியுங்கள், சுழற்சி இல்லாமல் வெளியே வந்து உருளும் என்பதற்கு இடம் விடுங்கள். இரண்டு முறை முயன்றும் வரவில்லையா? இரண்டு தண்டனை அடி கொடுத்து பங்கருக்கு வெளியே, கொடிக்கு நேர்கோட்டில் பின்னால் போட விதி அனுமதிக்கிறது. பலருக்கு இந்த விதி தெரியாது.

பத்தாவது குழியிலிருந்து எல்லாம் கெட்டுப்போகிறது

ஹாஃப்வே ஹவுஸ். ஒன்பது குழி முடிந்ததும் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போகும் இந்தத் தென்னாப்பிரிக்க வழக்கம் வேறு நாட்டு ஆட்டக்காரர்களுக்கு வியப்பு. நமக்கு அது வழக்கத்துக்கும் மேலே. கால் ரொட்டியைக் குடைந்து மட்டன் கறி நிரப்பிய "பன்னி சாவ்", கூடவே குளிர்ந்த ஏதோ ஒன்று. அதோடு பத்தாவது டீயில் போய் டிரைவர் வீசினால் இடுப்பு எங்கே திரும்பும்? சாப்பாட்டை விடச் சொல்ல எனக்கு வாய் வராது. பன்னி சாவை ஆட்டம் முடிந்தபின் வைத்துக்கொண்டு, நடுவில் சாண்ட்விச்சோடு நிறுத்துங்கள், பத்தாவது டீயில் மூன்று நான்கு வெற்று ஸ்விங் போட்டுவிட்டு, டிரைவருக்குப் பதில் அயனோடு தொடங்குங்கள்.

பிடி வழுக்குகிறது, பிடியே தவறு என்கிறார்கள்

இரண்டும் வேறு வேறு நோய். வழுக்குவது டிசம்பர், ஜனவரி ஈரப்பதத்தின் வேலை. வியர்வையில் பிடி வழுக்கும், பயத்தில் இறுக்கிப் பிடிப்போம், முன்கை இறுகி ஸ்விங் குறுகும், பந்து வலப்பக்கம் ஓடும். இரண்டு கையுறையை மாற்றி மாற்றிப் போடுங்கள், துண்டைப் பைக்கு வெளியே தொங்கவிடாமல் குடைக்குள் காய்ந்தபடி வையுங்கள். பழைய ரப்பர் பிடி பளபளவென்று இருந்தால் மாற்றும் காலம் வந்துவிட்டது.

இரண்டாவது நோய்க்கு இந்த ஊரே பதில் வைத்திருக்கிறது. டர்பனில் கேடியாக (ஆட்டக்காரரின் மட்டைப் பை சுமப்பவராக) வளர்ந்த இந்திய வம்சாவளிக்காரர் பாப்வா செவ்கோலும் என்பவர் இடக்கையை வலக்கைக்குக் கீழே வைத்துப் பிடிப்பார். எந்தப் பயிற்சியாளர் பார்த்தாலும் தலையில் அடித்துக்கொள்வார். அந்தப் பிடியோடுதான் 1959-இல் டச்சு ஓபனை வென்றார், 1960-இலும் 1964-இலும் மறுபடி வென்றார். 1963-இல் நட்டால் ஓபனை வென்றது இதே டர்பன் கன்ட்ரி கிளப்பில். நிறவெறிச் சட்டக் காலம் அது. கிளப் கட்டடத்துக்குள் வெள்ளையர்கள் இருக்க, அவர் வெளியே மழையில் நின்று கோப்பையை வாங்கினார். அந்தப் படம் உலகப் பத்திரிகைகளில் வந்தது. சில ஆண்டுகளில் அரசாங்கம் அவரைப் போட்டிகளில் ஆடவிடாமலே செய்துவிட்டது. உம்கேனி ஆற்றங்கரையில் உள்ள பொது மைதானத்துக்கு இன்று அவர் பெயர்தான்.

ஆகவே உங்கள் பிடி விசித்திரமாக இருந்தாலும் ஒவ்வொருமுறையும் ஒரே மாதிரி இருந்தால் அதை ஆட்டத்தின் நடுவில் தொடாதீர்கள். ஏழாவது குழியில் கூட ஆடுகிறவர் "அண்ணே, கட்டை விரலைக் கொஞ்சம் உள்ளே வைங்க" என்றால் தலையாட்டிவிட்டு அப்படியே அடியுங்கள்.

புட் கோட்டில் போகிறது, கடைசியில் திரும்பிவிடுகிறது

கிரீனில் பெர்முடா இனப் புல் இருந்தால் அது ஒரு பக்கமாகச் சாய்ந்து வளரும். பந்து நிற்கும் இடத்திலிருந்து பார்க்கும்போது புல் பளபளத்தால் சாய்வு உங்களிடமிருந்து விலகிப் போகிறது, பந்து வேகமாக ஓடும். கரும்பச்சையாகத் தெரிந்தால் எதிர்ச்சாய்வு, கூடுதலாகத் தட்டுங்கள். சந்தேகம் இருந்தால் குழியின் விளிம்பைக் குனிந்து பாருங்கள்: எந்தப் பக்கம் பிய்ந்து கந்தலாக இருக்கிறதோ புல் அந்தப் பக்கம் சாய்கிறது. வேகம் குறையும் கடைசி அரை மீட்டரில்தான் இது வேலை காட்டும்.

பதினெட்டாவதில் நல்ல கார்டு நாசமாகிறது

250 மீட்டர் சொச்சம் நீளமுள்ள பார் 4. கொஞ்சம் பலம் உள்ளவர் ஒரே அடியில் கிரீனைத் தொடலாம், ஓபன் போட்டிகளில் தொட்டும் இருக்கிறார்கள். கிளப் மாடத்திலிருந்து ஆட்கள் பார்த்துக்கொண்டிருப்பார்கள் என்பது இன்னொரு வினை. வலப்பக்கம் தரை செங்குத்தாகச் சரிந்து கீழே பயிற்சி மைதானத்துக்கு இறங்கும்.

பின்காற்று இருந்து, 17 குழியிலும் டிரைவர் நேராகப் போயிருந்தால் எடுங்கள், நான் தடுக்கவில்லை. எதிர்காற்று என்றால் ஒரே அடியில் போகாது, பாதி வழியில் வளைந்து சரிவில் இறங்குவதுதான் நடக்கும். அன்று 160 மீட்டர் போகும் அயன் எடுத்து, பேர்வேயின் இடப்பாதியில் வைத்து, மீதி 90 மீட்டருக்கு முழு ஸ்விங் வெட்ஜ் (குறுந்தூர மட்டை) அடியுங்கள். முழு ஸ்விங் என்பது முக்கியம். ரொம்ப முன்னால் போய் 40 மீட்டரை மீதி வைத்தால், மேடு பள்ளத் தரையில் அந்த அரை அடிதான் எல்லாவற்றையும்விடக் கடினம்.

ஏற்கெனவே வலப்பக்கம் இறங்கிவிட்டதா? கீழேயிருந்து கொடி தெரியாது. முதலில் மேலே ஏறிப் போய் கிரீனில் எவ்வளவு இடம் இருக்கிறது என்று பாருங்கள், கொடிக்குப் பின்னால் நேர்கோட்டில் தெரியும் ஒரு மரத்தையோ கூரையையோ குறியாக எடுத்துக்கொண்டு இறங்குங்கள். அதிகச் சாய்வுள்ள வெட்ஜ், தோள்கள் சரிவுக்கு இணையாக, நினைப்பதைவிட ஒரு பங்கு பலமாக. ஐந்து எழுத முடிந்தால் கார்டில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு, தள்ளிவைத்த அந்த பன்னி சாவை வாங்கப் போங்கள்.